இரண்டு விநாடிக் கறுப்பு

பிரிவுபசார நாளில் என்னைப் பேசச் சொன்னீர்கள். மைக்கை வாங்கி, "எல்லாரும் நல்லா இருங்க, கண்ணைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல ஒன்றுமில்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் ஒருத்தியைப் பற்றித்தான் பேசுவேன், அதுவும் வயிற்றெரிச்சலோடுதான் பேசுவேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது.

நம் வேலையை வெளியில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. "படம் பாக்கிறதுக்குச் சம்பளமா?" என்று என் தம்பி மனைவி இன்றுவரை கேட்கிறாள். படம் வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொரு விநாடியாகப் பார்த்து, இது பிழை, இது பிழையில்லை என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் நாம். கோடு விழுந்தால் எழுதுவோம், சத்தம் போனால் எழுதுவோம், நிறம் மாறினால் எழுதுவோம். கோளாறைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் போதும். அது கோளாறுதானா, எடுத்தவர்கள் வேண்டுமென்றே செய்ததா என்று முடிவு செய்வதில்தான் மண்டை காயும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே தெரியாது.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு படம் வந்தது. நாயகி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து தெருவில் நடக்கிறாள். ஒரு நிமிடத்துக்கு எந்தச் சத்தமும் இல்லை. பஸ் போகிறது, நாய் குரைக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. "ஒலி விடுபட்டுள்ளது" என்று சிவப்பில் குறித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த இயக்குநர் என்னைத் தேடிப் பிடித்து போன் செய்தார். "ஏம்மா, அவளுக்குக் காது போயிடுச்சுன்னு டாக்டர் சொல்ற சீனை நீங்க பாக்கவே இல்லையா?" என்றார். பார்த்தேன். பார்க்கும்போது மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு மேலே இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மண்டியாக்காரர். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து எனக்கு ஒரு காபி வாங்கி வந்தார். "மேடம், சந்தேகம் வந்தா எடுத்தவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டு கேளிபிடி. நமக்குப் பிடிக்காதவங்களா இருந்தாலும் கேளிபிடி. கேட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்றார். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பது அவர் வழக்கம், கேளிபிடி என்றால் கேட்டுவிடுங்கள். பிடிக்காதவர்கள் என்று ஏன் சேர்த்துச் சொன்னார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அந்தத் தவறுக்குப் பயந்து அடுத்த வருடம் நேர் எதிரான தவறைச் செய்தேன். ஒரு படத்தின் கடைசி இருபது நிமிடம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. ஏதோ கலை விஷயம் போலிருக்கிறது, நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டேன். அது கலையில்லை, ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு தப்பான பட்டன். படம் வெளியான அன்று அந்த இயக்குநர் என் மேலதிகாரியிடம் கத்தோ கத்தென்று கத்தினார். ஒரு வாரம் கழித்து யாரோ ஒரு ரசிகர், அந்தப் பச்சை காட்டின் நினைவு, அழிந்த மரங்கள் நாயகனைத் துரத்துகின்றன என்று நீளமாக எழுதினார். அதைப் பத்துப் பேர் பாராட்டினார்கள். அடுத்த பேட்டியில் இயக்குநரே காட்டின் நினைவு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் தப்பித்தேன், ஆனால் பார்வையாளர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பி நீங்கள் யாரும் வேலை செய்யாதீர்கள். எல்லாப் பச்சைக்கும் ஒரு ரசிகர் கிடைப்பதில்லை.

இனி ரீட்டா விஷயத்துக்கு வருகிறேன்.

ரீட்டாவும் நானும் இந்த ஊரில் ஒரு ஃபிலிம் லேபில் ஒரே மேஜையில் வேலை கற்றவர்கள். நெகட்டிவ் கட்டிங். எடிட்டர் ஒரு நகலில் படத்தை வெட்டி ஒட்டி முடித்துக் கொடுப்பார். அதே மாதிரி, ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து, அசல் நெகட்டிவை நாங்கள் வெட்டி ஒட்ட வேண்டும். நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். தப்பாக வெட்டினால் வெட்டியதுதான், உங்கள் கம்ப்யூட்டர் மாதிரி பின்னால் போக முடியாது. என் கை வேகம். நான் ஒரு ரீல் முடிக்கும்போது அவள் பாதியில் இருப்பாள். "இந்த இடத்துல எதுக்கு வெட்டியிருக்காங்க? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். வெட்டு என்றால் வெட்ட வேண்டியதுதானே, என்ன ஆராய்ச்சி என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டே வருடத்தில் எடிட்டர் தன் அறைக்கு உதவிக்கு ஆள் தேடினார். வேகமான என்னை விட்டுவிட்டு, கேள்வி கேட்ட அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். பொறாமை அன்றைக்கு ஆரம்பித்தது. அவள் சர்ச் ஸ்கூலில் படித்தவள், இங்கிலீஷ் பேசுவாள், அதனால்தான் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

அப்போது ஒரு சின்னத் தமிழ்ப் படம் வந்தது. இங்கேயே அல்சூர் பக்கத்துத் தெருக்களில் எடுத்தது. பெயரைச் சொன்னால் நீங்கள் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள். அவளுக்கு ஏற்கெனவே போதுமான ரசிகர்கள் இருக்கிறார்கள், நான் வேறு சேர்த்துவிட வேண்டாம். கதை சின்னது. புருஷன் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்கிறாள். பல வருடம் கழித்து ஒரு நாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறக்கிறாள். வாசலில் புருஷன் முகம், இரண்டு விநாடி. அடுத்த ஷாட்டில் அவள் மட்டும் உள்ளே தனியாக உட்கார்ந்து தலை வாரிக்கொள்கிறாள். அவனை உள்ளே விட்டாளா, விரட்டினாளா, படம் சொல்லாது. எடிட்டர் பாதியில் நோய்வாய்ப்பட்டதால் ரீட்டாதான் வேலையை முடித்தாள். அவளுக்கு எடிட்டர் என்ற பெயர் கிடைத்த முதல் படம்.

அந்தப் புருஷன் முகத்தை நான்தான் அழித்தேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். எண்ணைத் தப்பாகப் படித்து, ஷாட்டின் நட்ட நடுவில் கத்தரியை வைத்துவிட்டேன். பதறிப்போய் ஒட்டப் பார்த்ததில் மிச்சமும் கிழிந்தது. அந்த நடிகர் துபாய்க்குப் போய்விட்டார், மறுபடி எடுக்க வழியில்லை. மறுநாள் மாலை இயக்குநருக்குப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து அறையிலிருந்து ரீட்டா ஓடி வந்தாள். கிழிந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காலியான இடத்தில் கறுப்பு ஃபிலிம் துண்டு ஒன்றை அளந்து ஒட்டினாள். ஓடுகிற நீளம் குறையக் கூடாதென்று எல்லோரும் தற்காலிகமாகச் செய்வதுதான். "இரு விமலா, இப்படியே ஒருவாட்டி ஓட்டிப் பாக்கலாம்" என்றாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் லீவு. திரும்பி வந்தபோது யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படம் அந்தக் கறுப்போடேயே போய், ஒரு தியேட்டரில் மூன்று நாள் ஓடி, காணாமல் போனது.

அதன்பின் ரீட்டா எங்கெங்கோ போய்ப் பெரிய எடிட்டர் ஆனாள். நான் லேபில் கடைசிவரை இருந்து, லேபை மூடியதும் கம்ப்யூட்டர் கற்று, ஹெப்பகோடியில் உங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தேன். அவளை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய். அவள் பெயர் திரையில் வரும் படங்களில் மட்டும் நான் கூடுதலாகப் பிழை கண்டுபிடிப்பேன்.

சில வருடங்களுக்கு முன்னால் யாரோ அந்தச் சின்னப் படத்தின் மங்கலான நகல் ஒன்றை நெட்டில் ஏற்றினார்கள். யாரும் சீண்டாத படம் திடீரென்று கொண்டாடப்பட்டது. கொண்டாடப்பட்டது எது தெரியுமா? கதையில்லை, நடிப்பில்லை. கதவு திறந்ததும் வரும் அந்த இரண்டு விநாடிக் கறுப்பு. என் கத்தரி போட்ட ஓட்டை.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாற்பது நிமிட வீடியோ போட்டு, புருஷன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான், கறுப்பு என்பது சவப்பெட்டி மூடி என்று நிரூபித்தார். இன்னொருவர் படத்தில் வரும் கதவுகளை எல்லாம் எண்ணி, ஏழு கதவில் இது ஒன்றுதான் உள்பக்கமாகத் திறக்கிறது, ஆகவே அந்த இருட்டு அவள் மனசு என்றார். பௌத்தம் படித்த ஒரு பேராசிரியர் சூன்யம் என்றார். நம்ம ஊர்க்காரர் ஒருவர் மட்டும், "அது ஒண்ணும் இல்ல குரு, அந்தக் காலத்துல அல்சூர்ல தினம் கரண்ட் போகும்" என்று எழுதியிருந்தார். எனக்கு அவரை மட்டும்தான் பிடித்திருந்தது. இதையெல்லாம் ரீட்டாவிடம் பேட்டியில் கேட்டார்கள். "பாக்கிறவங்க சொல்றது எல்லாமே சரிதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் தப்புக்குக் கிடைத்த பாராட்டைக்கூட இவள் வாங்கிக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது. தப்பு செய்தவள் நான் என்றால் அதன் புகழும் எனக்குத்தானே வர வேண்டும்? இப்படி யோசிப்பது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் யோசித்தேன்.

நான் ஓய்வு பெறும் மாதம், அந்தப் படத்தைப் புதுப்பித்துப் பரிசோதனைக்கு நம்மிடமே அனுப்பினார்கள். பிரவீண், உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் கொண்டு வந்தாய்.

"ஆன்ட்டி, கதவு சீன்ல ரெண்டு செகண்ட் பிளாக் வருது. ரெஸ்டோர் பண்றவங்க ஒரு நோட் போட்டிருக்காங்க. ஏதோ பழைய டப்பால புருஷன் முகம் ஒரு ஷாட் கிடைச்சிருக்காம், இந்த இடத்துக்குக் கரெக்டா உக்காருதாம். நாம மிஸ்டேக்னு சொன்னா உள்ள சேத்துடுவாங்களாம்."

அதே ஷாட்டை இரண்டாம் தடவை எடுத்த இன்னொரு டேக் இருந்திருக்கிறது! அப்படியானால் அன்றைக்கு இவள் தேடக்கூட இல்லை. கறுப்பை ஒட்டிவிட்டு, அதிர்ஷ்டத்தில் பெயர் வாங்கிவிட்டாள். என் மனம் போட்ட கணக்கு இதுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எடிட்டர் இன்னும் இருக்காங்க இல்ல? ஒரு மெயில் போட்டுக் கேக்கட்டுமா? இந்த பிளாக்கைத்தான் நெட்ல அவ்வளவு கொண்டாடுறாங்க" என்று கேட்டாய்.

"வேணாம்பா. இந்தப் படம் எனக்குத் தெரியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு விநாடிக் கறுப்பு: பிழை. கிடைத்த ஷாட்டைச் சேர்க்கவும். எடிட்டரிடம் உறுதி செய்யப்பட்டதா என்ற கட்டத்தில், தேவையில்லை. நோட்டோடு இணைத்திருந்த டப்பா போட்டோவை நான் திறக்கவே இல்லை. திறக்காததைத் திறந்ததாகக் குறித்தேன். என் பதினான்கு வருட வேலையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அனுப்பியதும் மனசு லேசானது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வேலையைத் தொடங்குவதாகப் பதில் வந்தது. அந்த முகம் உள்ளே போய்விட்டால் கோயம்புத்தூர்க்காரரும் பேராசிரியரும் என்ன செய்வார்கள் என்று பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அல்சூரில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஹாலில் அதே படத்தைப் போட்டார்கள், பழைய மங்கல் நகலை. ரீட்டா விருந்தினர். நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: அந்தக் கறுப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை, அது நான் செய்த தப்பு. ஊரறியச் சொல்லிவிட்டு வருவது என்று முடிவு.

படம் முடிந்ததும் ஆளாளுக்கு அர்த்தம் சொன்னார்கள். சவப்பெட்டி வந்தது, கண்ணிமை வந்தது. ரீட்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள், முடி முழுக்க நரைத்திருந்தது, அதுவும் அவளுக்கு நன்றாக இருந்தது. மைக் என் வரிசைக்கு வந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் இன்னும் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"எனக்கு இந்த மாதிரி எல்லாம் பேசத் தெரியாது. ஹெப்பகோடில ஒரு கம்பெனில பாக்கிங்ல இருக்கேன். எங்க வீட்டுக்காரரு எங்களை விட்டுட்டுப் போயி ஒம்போது வருஷம் கழிச்சு வந்தாரு. நான்தான் கதவைத் தொறந்தேன். அவரு இளைச்சிருந்தாரா, தாடி வெச்சிருந்தாரா, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கதவைச் சாத்துனது மட்டும் தெரியும். அப்பா எப்பிடிம்மா இருந்தாருன்னு என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருப்பா, பொய் சொல்றேன்னு நெனைச்சுக் கோவிச்சுக்குவா. போன மாசம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுனேன். இதாண்டி, எனக்கு அன்னிக்கு இதான் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அவ அதுக்கப்புறம் கேக்கல." ரீட்டாவைப் பார்த்து, "நீங்க எப்பிடி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

ரீட்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தப் பெண் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கில் நின்றது. "நானும் இந்தப் படத்துல வேலை செஞ்சேன். நெகட்டிவ் கட்டிங்" என்றேன். எல்லோரும் மேலே எதிர்பார்த்தார்கள். "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தேன். யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் போய்விட்டதே, நான் சொல்லாவிட்டாலும் காரியம் நடந்துவிடும் என்ற தைரியமும் இருந்தது. அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவில்லையே என்றும் இருந்தது.

வெளியே கேட் பக்கத்தில் ரீட்டா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"விமலா! எவ்வளவு வருஷமாச்சுடீ. இன்னும் அதே ஜோகுபாளையா வீட்லதானா?"

"ஆமா."

"ப்ரொட்யூசர் பையன் சொன்னான், ரெஸ்டோர் பண்ணது உங்க ஆபீசுக்குத்தான் செக்குக்கு வந்திருக்குன்னு. யாரு பாக்கறாங்க, நீயா?"

"நான்தான். மிஸ்டேக்னு போட்டுட்டேன். அந்த ஆள் முகம் உள்ள போகுது. ஸ்கிரிப்ட்ல அதானே இருந்துச்சு?"

அவள் என்னையே பார்த்தாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"ரூல்படி தேவையில்ல."

"டப்பா போட்டோ அனுப்பியிருப்பாங்களே. பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"பாத்துட்டுமா போட்டே?"

"ஆமா."

"சரி. உன் வேலை, உன் முடிவு" என்றாள். ஆட்டோ வந்து நின்றது. ஏறிப் போய்விட்டாள். சண்டை போடுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை உங்களுக்கெல்லாம் முன்னால் ஆபீசுக்கு வந்தேன். அந்த போட்டோவைத் திறந்தேன். துருப்பிடித்த தகர டப்பா. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் ரீட்டாவின் சாய்ந்த கையெழுத்து. "டேக் 2. புருஷன் முகம். ஃபோகஸ் சரி. நடிப்பு ரொம்ப நல்லா இருக்கு. சேர்க்க வேண்டாம். கறுப்பே இருக்கட்டும்." கீழே தேதி. நான் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போன அதே நாள்.

ஆக, அவள் தேடியிருக்கிறாள். கிடைத்திருக்கிறது. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாமென்று மூடி வைத்திருக்கிறாள். எனக்கு அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமைப்பட்டுப் பழக்கம். அது சுலபம், அவளுக்கு அடித்தது எனக்கு அடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தூங்கிவிடலாம். அந்தக் காகிதத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள இடமில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் டேக் இரண்டைக் கண்டதும் சாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டு உடனே ஒட்டியிருப்பேன்.

அவளுக்கு போன் செய்தேன்.

"போட்டோவை இப்பதான் பாத்தேன்."

"தெரியும். நேத்து உன் மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"டைரக்டர் கிட்ட அன்னிக்கு என்ன சொன்னே?"

"நான் நெகட்டிவைக் கிழிச்சுட்டேன்னு சொன்னேன்."

"என்னைக் காப்பாத்தறதுக்கா?"

சிரித்தாள். "சும்மா இருடீ. கட்டர் கிழிச்சுட்டான்னு சொன்னா, போய் வேற டேக் தேடுன்னு சொல்வார். எடிட்டரே கிழிச்சுட்டேன்னு வந்து நின்னா, தேடிப் பாத்துட்டு இல்லாமத்தான் வந்திருக்கான்னு நம்புவார். எனக்கு அந்தக் கறுப்பு வேணும். நீ போனப்புறம் ஓட்டிப் பாத்தேன் இல்ல, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சு. அந்த முகம் வந்தா படம் அவனோடதா ஆயிடும்னு தோணுச்சு. அவர் கிட்ட பொய்தான் சொன்னேன். சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியல. அப்புறம் அவர் எந்தப் படத்துக்கும் என்னைக் கூப்பிடல."

நன்றி சொல்லலாம் என்று எடுத்த போன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

"நீ அன்னிக்குப் போகாம இருந்திருந்தா உனக்கும்தான் ஓட்டிக் காட்டியிருப்பேன்" என்றாள். "இருன்னு சொன்னேனே. நீ பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டே."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தப்பு செய்வீர்கள், எல்லோரும் செய்கிறோம். செய்த பிறகு அந்த அறையிலேயே இருங்கள். திட்டு வாங்கினாலும் இருங்கள், ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வரையாவது இருங்கள். நான் பஸ் ஸ்டாப்பில் அழுதுகொண்டு நின்ற அந்த அரை மணி நேரத்தில் ஒருத்தி என் தப்புக்குள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது, முன்னைவிட அதிகமாகவே எரிகிறது.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினேன். ஒருமுறை அனுப்பியதை மாற்றினால் காரணத்தை எழுத வேண்டும், அது என் பெயரில் நிரந்தரமாக நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தொழில்நுட்பக் காரணம் என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். காலை முழுவதும் எழுதினேன், அழித்தேன், எழுந்து போய் முகம் கழுவினேன், மறுபடி எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "முதல் ஷாட்டின் நெகட்டிவை வெட்டி அழித்தவள் நான், விமலா. கறுப்பைத் தேர்ந்தெடுத்து வைத்தவர் எடிட்டர் ரீட்டா. இன்று அவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது. பிழை இல்லை. அப்படியே விடவும்."

பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருந்தது. பிரவீண் என் பின்னால் வந்து நின்று படித்தான்.

"ஆன்ட்டி, முதல் வரி எதுக்கு? அதை யாரும் கேக்கலையே. ரெண்டாவது வரிலருந்து போட்டாலே போதும்."

போதாது என்று சொல்லி அப்படியே அனுப்பினேன். அந்தப் படத்தின் டைட்டிலில் நெகட்டிவ் கட்டரின் பெயரை யாரும் போடவில்லை.